இரண்டாவது துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: ஐயா, பாபநாசம் வட்டத்தில் கொள்ளிடக் கரையோரக் கிராமம் என் ஊர். ஒன்பது ஆண்டுகளாக நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்க்கிறேன். இப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். அங்கே மான் வேட்டைக்குச் சட்டத்தில் இடம் உண்டு, எனக்கு உரிமமும் இருக்கிறது. கையில் இருப்பது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டா போடும் ரைஃபிள். குழலைத் தாங்கும் கட்டை வால்நட் மரம், ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியோடு நாலரைக் கிலோ. போன பருவத்தில் மேற்குக் கரையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் குறி தப்பத் தொடங்கியது. வேட்டையைப் பாதியில் விட்டு இறங்கிவிட்டேன். மழை, பனி எதையும் தாங்குகிற, எடை குறைந்த இரண்டாவது ரைஃபிள் ஒன்று வாங்கப் போகிறேன். தோட்டா ஒன்றாகவே இருக்கட்டும் என்று அதையும் .300 மேக்னமிலேயே எடுக்கலாமா? நண்பர்களில் ஒருவர் 6.5 கிரீட்மூர் என்கிறார், இன்னொருவர் .308 என்கிறார். அதோடு, அடுத்த பொங்கலுக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து அப்பாவின் வயலில் இறங்கும் பன்றிகளைச் சுடலாமா?

பதில்: தம்பி, பன்றியைக் கடைசியில் பார்ப்போம். முதலில் துப்பாக்கி. இரண்டாவதை .300 மேக்னமில் வாங்காதீர்கள். 7 எம்.எம்.-08 ரெமிங்டன் வாங்குங்கள். நீங்கள் இருக்கும் ஊர்க் கடையில் அந்தத் தோட்டா அடிக்கடி தீர்ந்துபோகிறது என்றால் .308 வாங்குங்கள். காரணம் கேட்காமல் வாங்குகிறவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேட்டைக்காரன் அல்ல. 24 ஆண்டுகள் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராக, இருந்துவிட்டு, தஞ்சாவூரில் உரிமத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிறேன். என் மேசைக்கு மான் வந்ததில்லை. மழையில் நனைந்த துப்பாக்கிகள் நிறைய வந்திருக்கின்றன.

இரண்டுக்கும் ஒரே தோட்டா என்ற எண்ணத்தைக் குறை சொல்ல மாட்டேன். ராணுவத்தில் எங்களுக்கு அதுதான் வேதம். எஸ்.எல்.ஆர். ரைஃபிளுக்கும் எல்.எம்.ஜி. என்ற இலகு இயந்திரத் துப்பாக்கிக்கும் ஒரே 7.62 தோட்டா. ஆனால் அது சப்ளை லாரிக்காகச் செய்த ஏற்பாடு. ஆயிரக்கணக்கான பேருக்குப் பெட்டி பெட்டியாகத் தோட்டா போய்ச் சேர வேண்டிய இடத்தில் இரண்டு வகை இருந்தால் குழப்பம் வரும். நீங்கள் ஒரு பயணத்துக்கு இருபது தோட்டா எடுத்துப் போகிறீர்கள். எந்தத் துப்பாக்கியோ அந்தப் பெட்டி, அவ்வளவுதான்.

இனி, சுடும்போது துப்பாக்கி தோளில் தரும் உதையைப் பார்ப்போம். கொள்ளிடத்தில் சின்னப் பரிசலிலிருந்து கரைக்குத் தாவியிருக்கிறீர்கள் அல்லவா? நீங்கள் முன்னால் தாவ, பரிசல் பின்னால் பறந்து போகும். மணல் ஏற்றிய பெரிய படகிலிருந்து தாவினால் அது அசைவதே தெரியாது. தாவியவர் ஒருவர்தான், படகுதான் வேறு. குண்டு முன்னால் போகும்போது உங்கள் தோள் பக்கம் வருவது அந்தப் பரிசல். எடையைக் கால் பங்கு குறைத்தால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கணக்கு அப்படித்தான், எந்தக் கம்பெனி செய்தாலும் மாறாது.

உங்கள் மேக்னம் 180 கிரெயின் குண்டை, அதாவது கிட்டத்தட்ட 11.7 கிராமை, வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. அதற்கு எரியும் வெடிமருந்து நாலரைக் கிராம் அளவு. நாலரைக் கிலோ துப்பாக்கியில் அது தோளுக்குத் தரும் உதை என் கணக்கில் 33 ஜூல். அதே தோட்டாவை ஸ்கோப்போடு 3.4 கிலோ இருக்கும் இலகு ரைஃபிளில் போட்டால் 44 ஜூல். அதே 3.4 கிலோவில் 140 கிரெயின் குண்டு போட்ட 7 எம்.எம்.-08 தருவது 20, 150 கிரெயின் .308 தருவது 23, 6.5 கிரீட்மூர் 19. மருந்து, குண்டு மாறினால் ஒன்றிரண்டு ஏறி இறங்கும். ஆனால் 44-க்கும் 20-க்கும் நடுவில் இருக்கும் தூரம் மாறாது.

'எனக்குத் தோள் பலம் உண்டு, பால் கேனைத் தூக்கிப் பழகியவன்' என்பீர்கள். எங்கள் யூனிட்டில் ஒரு ஜவான் இருந்தார். மல்யுத்தக்காரர், கழுத்தே தெரியாது. ரேஞ்சில் அவர் குண்டுகள் எப்போதும் தாழ்ந்தே விழும். குறிப்பார்வையில்தான் கோளாறு என்று துப்பாக்கியை என்னிடம் அனுப்பினார்கள். பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுநாள் நானே ரேஞ்சுக்குப் போய், அவருக்குத் தெரியாமல் மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு டம்மித் தோட்டாக்களைச் செருகிக் கொடுத்தேன். மூன்றாவது அழுத்தலில் 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. அந்தக் க்ளிக்கோடு குழல் முனை இரண்டு விரற்கடை கீழே குத்தியது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. தான் பயப்படுவது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. உதைக்கு முன்னாலேயே கண்ணிமையும் தோளும் தயாராகிவிடுகின்றன. பலசாலிக்கும் இது உண்டு.

நியூசிலாந்து போனதும் இந்தச் சோதனையை உங்கள் மேக்னமிலேயே செய்து பாருங்கள். நண்பர் ஒருவர் டம்மித் தோட்டாவைக் கலந்து போடட்டும். நாலரைக் கிலோவிலேயே முனை குத்தினால், மூன்றரைக் கிலோவில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு ஆபத்து ஸ்கோப். இலகு ரைஃபிள் வேகமாகப் பின்வாங்கும்போது ஸ்கோப்பின் பின் வளையம் புருவத்தில் இடிக்கும். மலைச் சரிவில் மேல்நோக்கிப் படுத்துச் சுடும்போது தலை தானாகவே ஸ்கோப்புக்கு நெருங்கிவிடுவதால் அடி இன்னும் நிச்சயம். புருவத்துக்கு மேல் பிறை வடிவத் தழும்போடு இருக்கும் துப்பாக்கிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கதை கேட்கத் தேவையில்லை.

சரி, மூன்றில் ஏன் 7 எம்.எம்.-08? இது .308 தோட்டாவின் உறைதான், கழுத்தை மட்டும் 7 மில்லிமீட்டருக்குச் சுருக்கியது. .308 வெளிவந்தது 1952-இல். ரெமிங்டன் இதை 1980-இல் கொண்டுவந்தது. ஒரே உறை என்பதால் .308-க்குச் செய்யும், தோட்டாவை ஏற்றிப் பூட்டும் குட்டையான ஆக்‌ஷனிலேயே பொருந்துகிறது, துப்பாக்கி நீளமும் எடையும் குறைகின்றன. மேக்னமுக்கு நீள ஆக்‌ஷன் வேண்டும், எடை குறைக்கத் தொடங்கும் இடத்திலேயே எடை கூடும். 140 கிரெயின் குண்டு 300 மீட்டரிலும் ஏறக்குறைய 2000 ஜூல் வைத்திருக்கும். மானுக்கு 1350 ஜூல் அளவு போதும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு. அதன்படி செம்மானுக்கும், நீங்கள் ஏறிப்போய்ச் சுடும் இமாலய வரையாட்டுக்கும் இது தாராளம். (அந்த ஆடு 1904-இல் நியூசிலாந்தில் விடப்பட்டது. நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். இங்கே அதன் சொந்தக்காரனை மாநில விலங்கு என்று காப்பாற்றுகிறோம், அங்கே இதன் கூட்டம் பெருகிவிட்டது என்று குறைக்கச் சொல்கிறார்கள். பிறந்த ஊரைப் பொறுத்துத்தான் எல்லாம்.)

6.5 கிரீட்மூர் மோசமா என்றால், இல்லை. 2007-இல் இலக்குச் சுடுதலுக்காகப் பிறந்த தோட்டா. மென்மையானது, நீண்ட தூரத்துக்கு நேராகப் போகும். உங்கள் நண்பர் அதை வைத்துக்கொண்டு மான் கொண்டுவருகிறார் என்றால் அதில் பொய் இல்லை. மேற்குக் கரைப் புதரில் பெரிய ஆண் மான் ஒன்று கோணலாக நிற்கும்போது எனக்குச் சற்றுப் பருமனான குண்டு பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். .308-ஐப் பொறுத்தவரை, உலகத்தில் எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும். எதுவும் கிடைக்காத இடத்தில் அது கிடைக்கும். உதை கொஞ்சம் கூட. கடை அலமாரியைப் போய்ப் பாருங்கள். 7 எம்.எம்.-08 நாலு பெட்டி தூசி படிந்து கிடந்து, .308 நாற்பது பெட்டி இருந்தால், அலமாரி சொல்வதைக் கேளுங்கள்.

குழல் நீளமும் இதில் சேரும். இலகு ரைஃபிளுக்கு 20 அங்குலக் குழல் பொருத்தம். மேக்னமின் நாலரைக் கிராம் மருந்து அந்த நீளத்துக்குள் தன் வேலையை முடிக்காது. மிச்சம் முனையில் தீயாகவும் காதைக் கிழிக்கும் சத்தமாகவும் வெளியேறும். வேகத்தையும் இழந்து, உதையையும் வாங்கி, காதையும் கெடுத்துக்கொள்வீர்கள். 7 எம்.எம்.-08-இன் மருந்து மூன்று கிராமுக்கும் குறைவு. நீளக் குழலை விட்டதில் அங்குலத்துக்கு வினாடிக்கு ஏழெட்டு மீட்டர் போகும், போகட்டும்.

தோட்டா வேறாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. மேக்னத்தின் உறை 66 மில்லிமீட்டரைத் தாண்டும், அடியில் ஒரு வளையம் இருக்கும். 7 எம்.எம்.-08-இன் உறை 52 மில்லிமீட்டர்கூட இல்லை, வளையமும் இல்லை. இருட்டில், கை விறைத்த குளிரில், பையில் கைவிட்டாலே விரல் சொல்லிவிடும். இதுவே 7 எம்.எம்.-08-ஐயும் .308-ஐயும் ஒரே வீட்டில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாக இருக்கும். 7 எம்.எம்.-08 தோட்டா .308 அறைக்குள் நுழைந்தும்விடும், மாற்றிப் போட்டது தெரியாமலே போகலாம். ஆகவே மூன்றாவது துப்பாக்கி வாங்கும் ஆசை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் விட்ட ஒரு வரிக்கு வருகிறேன். 'மூன்றாம் நாள் குறி தப்பத் தொடங்கியது.' தோட்டாவுக்கு இதில் பங்கில்லை. என் சந்தேகம் முழுவதும் கட்டை மேல்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது நினைவிருக்கும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பழைய இறக்குமதி .30-06 ரைஃபிளைக் கோணியில் சுற்றிக்கொண்டு வந்தார். தென்னந்தோப்பு போய்விட்டது, கூரை போய்விட்டது, பீரோவோடு துப்பாக்கியும் நனைந்துவிட்டது. மேலே துடைத்து எண்ணெய் போட்டிருந்தார், பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. நான் ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே முன்பக்கத்திலிருந்து செருகி இழுத்தேன். நல்ல துப்பாக்கியில் நோட்டு குழலின் அடிவரை வழுக்கிக்கொண்டு போகும். இதில் மூன்று விரற்கடை போய் நின்றுவிட்டது. மரம் தண்ணீர் குடித்து ஊதி, குழலை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது. குழல் சூடாகி அதிரும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தள்ளப்படும். 'நெல்லோடு நெல்லாக வெயிலில் காயப்போட்டுவிடலாமா?' என்று கேட்டார். போட்டிருந்தால் கட்டை வெடித்திருக்கும். நிழலில் மூன்று வாரம் வைத்து, உட்பள்ளத்தைத் தேய்த்து அகலப்படுத்தி, உள்ளேயும் வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். கடைகள் மரத்துக்கு வெளியேதான் பூச்சு பூசும், உள்ளே பச்சை மரமாகவே விட்டுவிடும். தண்ணீர் அந்த வழியாகத்தான் போகிறது.

உங்கள் மேக்னத்துக்கும் அந்த நோட்டுச் சோதனையைச் செய்யுங்கள். அங்கத்து ஐந்து டாலர் நோட்டு பிளாஸ்டிக், இன்னும் நன்றாக வழுக்கும். அடைபட்டால், அங்குள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து உட்புறத்தைச் சரிசெய்து பூச்சு போடச் சொல்லுங்கள். மில்ஃபர்டு சவுண்டு பக்கம் ஆண்டுக்கு ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் தஞ்சாவூரில் ஐந்தாறு வருடத்தில் பெய்வதை அது ஒரே வருடத்தில் பெய்துவிடுகிறது. வால்நட் கட்டை அங்கே சுற்றுலா போகலாம், குடியிருக்க முடியாது.

ஆகவே புதியதற்குச் செயற்கைக் கட்டை, ஸ்டெயின்லெஸ் குழல். ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் லைட் போன்றவை ஸ்கோப் இல்லாமல் 2.9 கிலோ அளவில் வருகின்றன. அதற்கும் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. மூச்சு வாங்கி மலையேறி வந்து நிற்கும்போது, மிக இலகுவான துப்பாக்கி இதயத் துடிப்போடு சேர்ந்து ஆடும். அதை எடையால்தான் அடக்க முடியும்.

ஸ்டெயின்லெஸ் என்றதும் நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரை நினைத்துவிடாதீர்கள். டம்ளரில் காந்தத்தை வைத்தால் பெரும்பாலும் ஒட்டாது, துப்பாக்கிக் குழலில் ஒட்டும். உலோகமே வேறு. நல்ல டம்ளரில் குரோமியம் 18 சதவீதம், கூடவே நிக்கல். குழலுக்குப் பயன்படும் 416 வகையில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான், நிக்கலும் இல்லை என்றே சொல்லலாம். கடைசலுக்கு வசதியாக கந்தகம் வேறு சேர்த்திருப்பார்கள். துரு தாமதமாக வரும், வராமல் இருக்காது. கடல் காற்றில் உப்பு படிந்தால் ஊசி குத்தியது போல் புள்ளி விழும். வேதாரண்யத்துக்காரர் யாரையும் கேட்டுப் பாருங்கள், உப்பு எதை விட்டது? அதோடு உள்ளே இருக்கும் சுருள்வில், தோட்டாவின் அடியைக் குத்தும் சுடுமுள், டிரிகர் பாகங்கள் எல்லாம் சாதாரண எஃகாகவே இருக்கலாம். வெளியே மின்னுவதை நம்பி உள்ளே மறந்த துப்பாக்கிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

இரவு கூடாரத்தில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றித் துடையுங்கள். எண்ணெய் ஒரு துளி போதும். உறைகிற குளிரில் கெட்டி எண்ணெய் கூழாகிச் சுடுமுள்ளின் வேகத்தைக் குறைக்கும், 'க்ளிக்' மட்டும் கேட்கும். நியூசிலாந்தில் சைலன்சர் சட்டப்படி சகஜம், உதையையும் குறைக்கும், வாங்கினால் நல்லதுதான். ஆனால் சுட்ட பிறகு அதைக் குழலில் மாட்டியபடியே இரவு விடாதீர்கள். புகையின் ஈரம் உள்ளே தேங்கி, முனையின் மரையையும் குழல் வாயையும் தின்னும்.

குழல் வாயில் ஒரு சுற்று எலெக்ட்ரிக் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சுடும்போது எடுக்க வேண்டாம். குண்டுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைப் பிய்த்துவிடும். டேப் இல்லாமல் மழையில் நடந்து குழலுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் மட்டும், தோட்டாவை எடுத்து, முனையைக் கீழே சாய்த்து, துணி இழுத்துத் துடைக்காமல் சுடக் கூடாது. சேறோ பனியோ அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், குழல் பிளக்கும்.

செம்மான் கத்தும் பருவம் உங்களுக்கு மார்ச் கடைசியில் தொடங்கும். அதற்கு முன்பே வாங்கி, அறுபது எழுபது தோட்டாவாவது சுட்டுப் பழகுங்கள். இரண்டாவது துப்பாக்கி என்று அலமாரியில் வைத்துவிட்டு, முதல் துப்பாக்கி கெட்ட அன்று மழையில் அதை முதன்முதலாகத் தோளில் வைப்பவர்கள் அதிகம். போல்ட் தூக்கும் விதம், சேஃப்டி இருக்கும் இடம் இரண்டும் பழைய துப்பாக்கியைப் போலவே இருந்தால் இன்னும் நல்லது. தோட்டா ஒன்றாக இருப்பதைவிட இது முக்கியம் என்பேன். அங்குள்ள துப்பாக்கிப் பதிவேட்டில் புதியதையும் ஏற்ற மறக்காதீர்கள்.

இனி பன்றி. முடியாது, தம்பி. நியூசிலாந்து உரிமம் இங்கே ஒரு காகிதம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே பெற்ற உரிமம் இல்லாமல் அந்த ரைஃபிளோடு விமான நிலையத்தில் இறங்கினால், பொங்கலை வீட்டில் கொண்டாட மாட்டீர்கள். ராணுவம் பயன்படுத்திய .303, 7.62 போன்ற போர் அளவுகள் (குழலின் உள்விட்டம்) சாதாரணக் குடிமகனுக்குத் தடை. டெல்டாவில் பழைய மிராசுதார் வீடுகளில் .315-உம் 12 போரும்தான் பார்ப்பீர்கள், அதற்கு இதுவும் ஒரு காரணம். உரிமமே இருந்தாலும் பன்றியைச் சுட முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் காட்டுப்பன்றியும் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட ஒரு வழி செய்தது. அதிலும் சுடுகிறவர்கள் வனத்துறையினர்தான், விவசாயி அல்ல. படுகையில் கரும்பும் கடலையும் போட்டவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். என் மாமனார் வீட்டு நிலமும் கொள்ளிடக் கரையில்தான் இருக்கிறது.

நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களுக்குள் ஒன்று செய்யலாம். காலையில் வயலுக்குப் போய், சாய்ந்த பயிரையும் ஈரத்தில் பதிந்த குளம்புத் தடத்தையும் தேதி விழும்படி படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரை அழைத்து வந்து நேரில் காட்டுங்கள். வனத்துறைக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி அப்பாவிடம் வையுங்கள். பயிர்ச்சேத இழப்பீடு கேட்பதற்கும் அதே காகிதம்தான் வேண்டும்.